தயங்குகிறவர் மறுக்கிறவர் அல்ல



துபாயில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் போனில் கேட்டான்: "சாரே, ஹெசிடன்ட், ரிலக்டன்ட் ரெண்டும் ஒண்ணுதானே?"

ஒன்றில்லை. ஹெசிடேட் என்பதன் லத்தீன் வேருக்கு ஒட்டிக்கொண்டு நிற்பது என்று பொருள். பசையைச் சொல்லும் அட்ஹெசிவ் என்ற சொல்லுக்கும் அதே வேர்தான். ரிலக்டன்ட் வந்தது, எதிர்த்து மல்லுக்கட்டுவது என்ற வேரிலிருந்து. முதல் ஆளுக்கு முடிவெடுக்க முடியவில்லை. இரண்டாவது ஆளுக்கு மனசே இல்லை. 'டோன்ட் ஹெசிடேட் டு கால் மீ' என்று எழுதுகிற இடத்தில் ரிலக்டன்ட்டைப் போட்டால், 'என்னைக் கூப்பிட உனக்கு மனசில்லையோ' என்று கேட்ட மாதிரி ஆகிவிடும்.

நம் பக்கம் இன்னொரு குழப்பமும் உண்டு. தமிழில் மடி என்றால் சோம்பல். திருக்குறளில் மடியின்மை என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. மலையாளத்தில் மடிக்குக என்றால் தயங்குவது. 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த மாவட்டம் அல்லவா, இரண்டும் நம் காதில் விழும். தயங்கி நிற்கிற பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டுகிற வழக்கம் நம்மிடம் இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டோ என்று எனக்கு ஒரு சந்தேகம்!

விஷயத்துக்கு வருகிறேன். 2019-இல் உலக சுகாதார நிறுவனம், உலக ஆரோக்கியத்துக்கு வந்திருக்கும் 10 ஆபத்துகளில் ஒன்றாக 'வேக்சின் ஹெசிடன்சி'யைச் சேர்த்தது. அதற்குக் கொடுத்த விளக்கம், தடுப்பூசி கிடைத்தும் போட்டுக்கொள்ள மனமில்லாமை அல்லது மறுப்பு என்பது. அதாவது ரிலக்டன்ஸும் ரெஃப்யூசலும்! தயக்கம் என்று பெயர் வைத்துவிட்டு, தயங்குகிறவரை மறுக்கிறவரோடு சேர்த்துக் கட்டினால் எப்படி?

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை - ரூபெல்லா ஊசி போட்டபோது நடந்தது ஞாபகம் இருக்கும். 9 மாதக் குழந்தை முதல் 15 வயதுப் பிள்ளை வரை எல்லோருக்கும் ஊசி. வாட்ஸாப் முழுக்கப் புரளி. அப்போது என்னிடம் பேசிய தாய்மார் பலர் "வேண்டாம்" என்று சொல்லவில்லை. "சின்னதுலேயே போட்டாச்சே, மறுபடி எதுக்கு சார்?" என்றுதான் கேட்டார்கள். நியாயமான கேள்வி. முன்பு போட்டிருந்தாலும் இந்த முறை எல்லோருக்கும் ஒரு கூடுதல் தவணை, அவ்வளவுதான். அதைச் சொன்னதும் பலர் சரி என்றார்கள். "படிச்சவங்களே இப்படிப் பேசலாமா" என்று சீறியிருந்தால் அவர்களையும் மறுக்கிறவர்களாக நாமே ஆக்கியிருப்போம்.

இப்போது இதை எழுதக் காரணம் உண்டு. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசியை 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்குப் படிப்படியாக இலவசமாகப் போடப்போவதாக 2025 மார்ச் பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்தது. "இந்த வயசுப் பிள்ளைக்கு எதுக்கு இந்த ஊசி?" என்று நம் குடும்பக் குரூப்பிலேயே கேள்வி வரும். அந்த நோய்க்குப் பெரும்பாலும் காரணம் ஒரு வைரஸ்; அது தொற்றும் முன்பே போட்டால்தான் ஊசிக்கு முழுப் பலன். கேட்கிறவருக்கு இதை மட்டும் பொறுமையாகச் சொல்லுங்கள். அதற்கு மேலும் சந்தேகம் இருந்தால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள்.