புலம்பலைத் தீர்மானமாக்குங்கள்



செப்டம்பர் வந்தால் நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் மேற்படிப்புக்காக பிரிட்டனுக்கு விமானம் ஏறுகிறார்கள். சாம்பார் பொடி முதல் கம்பளிச் சட்டை வரை பார்த்துப் பார்த்துக் கட்டி அனுப்புகிறோம். அங்கே அவர்களுக்கு உள்ள ஓர் உரிமையைச் சொல்லி அனுப்பத்தான் மறந்துவிடுகிறோம். பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததுமே, வேண்டாம் என்று விலகினாலொழிய, அவர்கள் மாணவர் சங்க உறுப்பினர்கள். பெரும்பாலான சங்கங்களின் கவுன்சிலில் எந்த உறுப்பினரும் கொள்கை முன்மொழிவு கொண்டுவரலாம்.

வாடகை வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் வசிக்கும் ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும் என்று வீட்டுக்காரர்கள் பலர் கேட்கிறார்கள். மதுரையில் இருக்கும் அப்பாவின் கையெழுத்து அங்கே எடுபடாது. பிள்ளைகள் வாட்ஸ்ஆப் குழுவில் புலம்பித் தீர்க்கிறார்கள். அடுத்த ஆண்டு வருகிறவர்களுக்கும் அதே கதை.

அந்தக் குறையைச் சங்கக் கவுன்சிலுக்கு முன்மொழிவாக எழுத எளிய வடிவம் ஒன்று உண்டு. ‘சங்கம் கவனத்தில் கொள்கிறது’ என்ற முதல் பகுதியில் சரிபார்க்கக்கூடிய தகவல்கள் மட்டும் இருக்கும். ‘சங்கம் கருதுகிறது’ என்பதில் நம் நிலைப்பாடு. ‘சங்கம் தீர்மானிக்கிறது’ என்பதில் செய்ய வேண்டிய வேலை.

கவனம் அதிகம் தேவைப்படுவது இந்த மூன்றாவது பகுதிக்குத்தான். ‘பல்கலைக்கழகம் ஆவன செய்ய வேண்டும்’ என்று எழுதினால் காரியம் நகராது. ஏனென்றால், அந்தத் தீர்மானம் கட்டுப்படுத்துவது சங்க நிர்வாகிகளைத்தான். வேலையை அவர்கள் பெயரில் எழுதுங்கள்: ‘மாணவர் நலப் பொறுப்பாளர், பல்கலைக்கழகமே ஜாமீன் நிற்கும் திட்டத்தை நிர்வாகத்திடம் கோர வேண்டும், கிடைத்த பதிலை டிசம்பர் கூட்டத்தில் தெரிவிக்க வேண்டும்.’ சில பல்கலைக்கழகங்கள் இத்தகைய திட்டத்தை நடத்தியும் வருகின்றன. அதை முதல் பகுதியிலேயே குறிப்பிட்டால் கோரிக்கைக்கு வலு கூடும். முன்மொழிவை வழிமொழிய வேறு நாட்டு மாணவர் ஒருவரைக் கேளுங்கள். இது எல்லோருடைய பிரச்சினை என்பது சபைக்குப் புரியும்.

இப்படிப்பட்ட தீர்மானங்கள் பெரிய இடங்களையும் அசைத்திருக்கின்றன. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி நடந்த காலத்தில், அங்கே தொழில் நடத்திய பார்க்லேஸ் வங்கியைப் புறக்கணிக்க பிரிட்டிஷ் மாணவர் சங்கங்கள் முடிவெடுத்தன. மாணவர்கள் தங்கள் கணக்குகளை வேறு வங்கிகளுக்கு மாற்றினார்கள். பல ஆண்டுகள் தொடர்ந்த அந்த இயக்கத்தின் நெருக்கடியும் சேர்ந்து, 1986-இல் பார்க்லேஸ் தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறியது.

நிறைவேறிய கொள்கை பல சங்கங்களில் இரண்டு, மூன்று ஆண்டுகளில் காலாவதியாகிவிடும். எனவே ஊர் திரும்பும் முன், அதைப் புதுப்பிக்கும் பொறுப்பை இளையவர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு வாருங்கள்.

இங்கே விடுதிக் குழுவிலோ துறை மன்றத்திலோ இருக்கும் மாணவர்களுக்கும் இந்த வடிவம் உதவும். உங்கள் குறை ஒன்றை மூன்று பகுதிகளாக ஒரே பக்கத்தில் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். ஆசிரியர் குழுவினர் படித்து, திருத்தங்கள் குறித்துத் திருப்பி அனுப்புவோம். மற்றவர்களுக்கும் பயன்படும் வரைவுகளை, உங்கள் சம்மதத்தோடு, இந்தப் பக்கத்திலேயே வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்