240 மணி நேரமும் ஒரு சனிக்கிழமையும்

அக்டோபர் 1 வந்து போயிற்று. ஐக்கிய நாடுகள் அவை 1990இல் தீர்மானம் இயற்றி, 1991 முதல் உலக முதியோர் நாளாகக் கடைப்பிடித்து வரும் நாள் அது. இங்கே ஐதராபாத்திலும் கல்லூரி மாணவர்கள் பேருந்துகளில் முதியோர் இல்லங்களுக்குச் சென்று வந்தார்கள். அவர்கள் எடுத்த படங்கள் இரண்டு நாள்களாக என் முகநூல் பக்கத்தை நிறைத்துக்கொண்டிருக்கின்றன. பழப்பையை நீட்டும் ஒரு கை, அதை வாங்கும் நடுங்கும் ஒரு கை, இரண்டுக்கும் பின்னால் ஒரு பதாகை. படத்திலிருக்கும் முதியவர்களிடம் அனுமதி கேட்கப்பட்டதா என்று ஓரிடத்தில் பின்னூட்டம் இட்டேன். ‘நல்ல காரியத்திலும் குறை காண்பதா?’ என்று ஆய்வாளர் நண்பர் ஒருவர் வினவினார். அவருக்கு எழுதத் தொடங்கிய மறுமொழி நீண்டுவிட்டமையால் தனிப்பதிவாக இடுகிறேன்.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதியோர்க்கான சமூகப் பணியை நாம் மணிக்கணக்கால் அளக்கும் வரை, அது நாம் அவர்களுக்குச் செய்யும் தொண்டு ஆகாது. நம்முடைய சான்றிதழுக்காக அவர்கள் நமக்குச் செய்யும் தொண்டாகவே இருக்கும்.

நாட்டு நலப்பணித் திட்டம் காந்தியடிகளின் நூற்றாண்டான 1969இல் தொடங்கப்பட்டது. ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் ஈராண்டில் 240 மணி நேரம் என்பது அதன் கணக்கு. அதன் நோக்கத்தை நான் பழிக்கவில்லை; நானும் அதில் இருந்தவள்தான். மரக்கன்று நடுவதற்கு இந்தக் கணக்குப் பொருந்தலாம். நேற்று நட்டவர் யார், இன்று நீர் ஊற்றுபவர் யார் என்ற வேறுபாடு கன்றுக்குத் தெரியாது. முதியவருக்குத் தெரியும். பன்னிரண்டு மாணவர்கள் ஒரே பிற்பகலில் ஆளுக்கு இரண்டு மணி நேரம் ஓர் இல்லத்தில் இருந்துவிட்டு வந்தால் 24 மணி நேரம். ஒரே மாணவர் பன்னிரண்டு வாரங்கள், வாரம் இரண்டு மணி நேரம் ஒரே முதியவரிடம் சென்றாலும் 24 மணி நேரம். பதிவேட்டில் இரண்டும் ஒன்றே. இந்தச் சமன்பாடு எவ்வளவு பெரிய பொய் என்பதை நான் என் குற்றத்தின் வழியாகவே கற்றுக்கொண்டேன். அதைச் சொல்லாமல் பிறரைக் குறை கூற எனக்கு உரிமையில்லை.

தென்மத்திய ரயில்வே 1966இல் சிகந்தராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு உருவானபோது தமிழ்நாட்டிலிருந்து பணிமாறி வந்த குடும்பங்கள் பல. அரக்கோணம் பக்கத்திலிருந்து அவ்வாறு வந்த ஒருவரின் மனைவி அந்த அம்மையார். வயது 81. பெயரைச் சொல்லப்போவதில்லை. கடைத்தெருவிலும் அண்டை வீடுகளிலும் அறுபது ஆண்டுக்காலம் தெலுங்கு பேசி வாழ்ந்தவர். பக்கவாதம் வந்தபின் அந்தத் தெலுங்கு ஏறத்தாழ முற்றிலும் விலகிவிட்டது; குழறலாகத் தமிழ் மட்டும் எஞ்சியது. மகன் வேலை நிமித்தம் மாதத்தில் பாதி நாள் வெளியூர். மருமகளும் பகல்நேர உதவியாளரும் தெலுங்கர். வீடு தேடிச் சென்று முதியோரைச் சந்திக்கும் ஒரு தன்னார்வச் சேவையினர், தமிழ் பேசுபவர் எவரேனும் உண்டா என்று எங்கள் துறையில் கேட்டார்கள். நான் பெயர் கொடுத்தேன். சனிக்கிழமைதோறும் மாலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை.

மொழியியல் படித்தோர்க்கு இது எத்தகைய நேர்வு என்று விளங்கியிருக்கும். பன்மொழியாளர் மூளை பாதிக்கப்படும்போது முதலில் கற்ற மொழியே நிலைக்கும் என்பது ரிபோவின் கருத்து. மிகுதியாகப் புழங்கிய மொழியே முதலில் மீளும் என்பது 1895இல் பித்ரே முன்வைத்தது. நூலில் படித்த வழக்கு என் எதிரே நாற்காலியில் அமர்ந்திருந்தது. முதல் மாதம் முழுவதும் நான் அவரைத் தரவாகவே பார்த்தேன். அவருக்கு எந்தச் சொல் வரவில்லை, அதற்கு மாற்றாக எந்தச் சொல் வந்தது என்று தேதியிட்டுக் குறித்துவைத்தேன், அவரிடம் கேளாமலே. பின்னர் வெட்கி அந்தப் பக்கங்களைக் கிழித்துப்போட்டேன். ஆனால் அது என் பெரிய குற்றம் அன்று.

ஆய்வேட்டுச் சுருக்கம் அளிக்க வேண்டிய காலம் வந்தது. தொடர்ந்து நான்கு சனிக்கிழமைகள் போகவில்லை. சேவையினர்க்கும் சொல்லவில்லை. ஒரு கிழவியைப் பார்க்கப் போகாததற்கு யாரிடம் விடுப்புக் கேட்பது என்று எண்ணினேன் போலும். ஐந்தாம் வாரம் சென்றபோது உதவியாளர் தாழ்வாரத்திலேயே நிறுத்திச் சொன்னார்: முதல் சனிக்கிழமை அம்மா மூன்று மணிக்கே தலைவாரச் சொல்லி, வாசலைப் பார்த்தவாறு ஏழு மணி வரை அமர்ந்திருந்தாராம். இரண்டாம் சனிக்கிழமையும் அப்படியே. மூன்றாம் வாரம் தலைவார விடவில்லை. அதற்குள் அவர் இரவெல்லாம் உளறத் தொடங்கியிருந்தார். வயது முற்றுகிறது என்று வீட்டார் எண்ணியிருந்தார்கள். வயிற்றுவலி என்று அவர் அடிக்கடி சொல்வதாகவும், அதற்கு மாத்திரையும் தண்ணீரும் கொடுத்துவருவதாகவும் உதவியாளர் கூறினார்.

நான் அருகில் அமர்ந்து கேட்டேன். அம்மையார் சொன்ன சொல் ‘நீர்க்கடுப்பு’. தெலுங்கில் நீர் என்றால் தண்ணீர். ‘கடுபு’ என்றால் வயிறு. உதவியாளர் தம் செவிக்கு எட்டியதைத் தம் மொழிக்குள் பொருத்திக்கொண்டார். அவர்மீது எள்ளளவும் குற்றமில்லை. வயிறு என்று கேட்டார், வயிற்றுக்கு மருந்து கொடுத்தார். சிறுநீர்த் தொற்று முதியவர்களிடம் மனக்குழப்பமாகவும் வெளிப்படக் கூடும் என்பது மருத்துவர்கள் அறிந்த செய்தி. மறுநாளே பரிசோதனை, மருந்து. பத்து நாள்களில் தெளிவு திரும்பியது. நான் முதல் சனிக்கிழமையே சென்றிருந்தால் மூன்று வாரத் துன்பம் இல்லாமல் போயிருக்கும்.

அன்று அவர் என்னிடம் கேட்டது ஒன்றே: “ஊருக்குப் போயிருந்தியா பாப்பா?” நான் சொல்ல வேண்டிய பொய்யை எனக்காக அவரே எடுத்து நீட்டினார். நானும் “ஆமாம்மா” என்று வாங்கிக்கொண்டேன்.

இப்போது பதிவேட்டைப் பாருங்கள். விட்டுப்போன எட்டு மணி நேரத்தை அடுத்த மாதம் கூடுதலாக இருந்து ஈடுகட்டிவிட்டேன். ஆண்டுக் கணக்கில் என் மணி நேரம் ஒன்றுகூடக் குறையவில்லை. மணிக்கணக்கு என்னும் அளவுகோலால் அந்த மூன்று வாரத்தைக் காணவே முடியாது. நண்பர் கேட்ட கேள்விக்கு இதுவே என் விடை. நான் குறை காண்பது நல்ல காரியத்தில் அன்று, அந்தக் காரியம் நடந்ததா இல்லையா என்றே அறியவியலாத அளவுகோலில்.

அடுத்து, நாம் பேசும் முறை. முதியவர்களிடம் குழந்தையிடம் பேசுவதுபோல் குரலை உயர்த்தி, சொற்களைக் குறுக்கி, கொஞ்சிப் பேசும் வழக்கத்தை மொழியியலார் தனியொரு பேச்சுவகையாகவே ஆராய்ந்துள்ளனர். மறதிநோயுற்றோரிடம் பராமரிப்பாளர்கள் இவ்வாறு பேசும்போது அவர்கள் ஒத்துழைக்க மறுப்பது மிகுகிறது என்பதைக் கிறிஸ்டீன் வில்லியம்ஸும் உடனாய்வாளர்களும் 2009இல் காட்டினர். தமிழில் இதற்கெனவே கருவிகள் உண்டு. கேட்பவரை உட்படுத்தும் ‘நாம்’ ஒன்று. ‘நாம் மாத்திரை போட்டுக்கொள்வோமா?’ என்கிறோம், விழுங்கப்போவது ஒருவர் மட்டுமே. முன்னிலையில் இருப்பவரைப் படர்க்கைக்குத் தள்ளுவது இன்னொன்று. ‘தாத்தா சமர்த்தாகச் சாப்பிட்டாரா?’ என்று அவர் முகத்தைப் பார்த்தே கேட்கிறோம். நாற்பது ஆண்டு கணக்குப் பதிவேடுகளைக் கையாண்ட ஒருவரை, நான்கு மணி நேரப் பயிற்சியும் பெறாத நாம் பாலர் வகுப்பில் உட்கார வைக்கிறோம். பேருந்தில் ஏறுமுன் இதை யாரும் நமக்குச் சொல்லித்தருவதில்லை. சொல்லித்தரும் தகுதியுள்ள துறைகளோ இதைத் தம் வேலையாகக் கருதுவதில்லை.

வேறு வழி உண்டா என்போர் கேரளத்தைப் பார்க்கலாம். 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிதணிப்பு இயக்கம், பின்னர் மலப்புறம் மாவட்டத்தில் அக்கம்பக்கத்தார் வலைப்பின்னலாக விரிந்தது. அங்கே தன்னார்வலராக விரும்புவோரிடம் கேட்கப்பட்டது வாரம் இரண்டு மணி நேரமேனும் ஒதுக்க இயலுமா என்பதே. அதற்கு முன்பாக 16 மணி நேர வகுப்பும், நான்கு நாள் மருத்துவக் களப்பயிற்சியும். பயிற்சி பெற்றவர் தம் பகுதியிலுள்ள நோயாளியின் வீட்டுக்குத்தான் செல்வார். வராமற்போனால் தெருவே கேட்கும். கல்லூரி தரும் வருகைப்பதிவைவிட இந்தக் கேள்வி வலியது.

நம் துறைகளிலிருந்து எழும் மறுப்பு ஒன்றையும் எதிர்கொள்ள வேண்டும். ‘அரசு செய்ய வேண்டியதைத் தன்னார்வலர் செய்வது அரசு கைகழுவத் துணைபோவதாகும்’ என்பது அது. இதன் முதற்பாதியை முழுமையாக ஏற்கிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படியே இந்நாட்டில் 60 வயதைக் கடந்தோர் 10 கோடிக்கு மேல். இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் 60 முதல் 79 வயது வரையிலானோர்க்கு ஒன்றிய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். 80 ஆனால் 500 ரூபாய். அந்த 200 ரூபாய் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அசையவில்லை. இதைக் கேட்க வேண்டியது தெருவில். எந்தத் தன்னார்வலரும் ஓய்வூதியத்துக்கு மாற்றாக மாட்டார். நாளெல்லாம் உடனிருக்கும் உதவியாளரின் ஊதியத்துக்கும் மாற்றாகக் கூடாது.

ஆனால் மறுப்பின் பிற்பாதி பொய். கேரளத்தில் தன்னார்வலர் இயக்கம் அரசைத் துறந்துபோக விடவில்லை. 2008இல் மாநில அரசு வலிதணிப்புக் கொள்கையை அறிவித்ததும், உள்ளாட்சிகள் வீட்டுப் பராமரிப்பைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டதும் அந்த இயக்கம் வலுவாக இருந்தமையால்தான். வீட்டுக்குள் சென்றவர்களுக்கே எது இல்லை என்று தெரியும். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்தது. அது பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகையைப் பெற்றுத்தரும். நீர்க்கடுப்பு என்ற சொல்லைக் கேட்டுப் பொருள்கொள்ளும் ஒரு செவியை எந்தத் தீர்ப்பாயமும் ஆணையிட்டுப் பெற்றுத்தர முடியாது. புதுத்தாராளியத்தைப் பற்றி இருபது பக்கக் கட்டுரை எழுதத் தெரிந்த நாம், அதைக் காரணம் காட்டி ஒரு சனிக்கிழமையைக்கூடக் கொடாமலிருப்பது அரசியல் நிலைப்பாடு அன்று. சோம்பலுக்குச் சூட்டிய நற்பெயர்.

எனவே எங்கள் பல்கலைக்கழகத்தாரிடமும் பிறரிடமும் நான் கேட்பவை எளியவை. மணிகளை எண்ணாதீர்கள், வாரங்களை எண்ணுங்கள். ஒருவருக்கு ஒருவர் என இணைத்து, குறைந்தது ஓராண்டு. இணைக்கும்போது மொழியைப் பாருங்கள். இடம்பெயர்ந்து முதுமையடைந்தோர் மிகுந்த நகரங்களில் அதுவே முதல் தகுதி. பயிற்சி முடியாமல் எவரையும் அனுப்பாதீர்கள். அந்தப் பயிற்சியில் நாடு தழுவிய முதியோர் உதவி எண் 14567 முதல், எந்த அறிகுறியை யாரிடம் சொல்ல வேண்டும் என்பது வரை இருக்கட்டும். வர இயலாத வாரத்தில் முன்கூட்டியே சொல்வதும், மாற்று ஆளை அனுப்புவதும் கட்டாயமாகட்டும். முதியவரின் ஒப்புதலின்றிப் படமும் வேண்டாம், ஆய்வுக்குறிப்பும் வேண்டாம். ஆண்டிறுதியில் சான்றிதழ் கொடுப்பதாயின், அந்த முதியவரிடமோ வீட்டாரிடமோ ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கொடுங்கள்: இவர் வருவேன் என்ற நாளில் வந்தாரா?

இறுதியாக ஒன்று. வரும் மே மாதம் என் ஆய்வேட்டை அளித்துவிட்டு இந்நகரைவிட்டுச் செல்கிறேன். சிகந்தராபாத்தில் அந்தச் சனிக்கிழமைக்கு ஆள் வேண்டும். தமிழ் பேசத் தெரிந்திருக்க வேண்டும். வட ஆற்காட்டு வழக்குப் புரிந்தால் மிக நன்று. முதல் நான்கு வாரங்கள் என்னுடன் வாருங்கள். அம்மையாருக்கு உங்களைப் பிடித்திருக்கிறதா என்று அவரே சொல்வார். ஓராண்டுக்குக் குறைவாக இயலுமென்றால் எழுத வேண்டாம். இயலுமென்றால் உள்பெட்டியில் எழுதுங்கள். சான்றிதழ் கிடையாது.