நடுக்களத்தில் ஒரு சப் இன்ஸ்பெக்டர்

கால்பந்தில் கோல் போட்டவரின் பெயர் மறுநாள் பத்திரிகையில் வரும். கோல் விழாமல் தடுத்தவரின் பெயரும் சில சமயம் வரும். இருவருக்கும் நடுவே நின்று, தொண்ணூறு நிமிடமும் பந்தை வாங்கி வாங்கி உரியவரிடம் சேர்த்தவரின் பெயர் வருவது அபூர்வம். கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பவரின் நிலைமைதான் மிட்ஃபீல்டருக்கும். சாப்பாடு ருசித்தால் சமையற்காரருக்குப் பெயர்; இலையில் ஒரு பதார்த்தம் விட்டுப்போனால் பந்தி விசாரித்தவருக்குத் திட்டு.

பெண்கள் கால்பந்தில், அதுவும் இந்தியாவில், நடுக்களத்தில் நிற்பவரின் கதி என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் கடலூர் இந்துமதி கதிரேசனின் ஆட்ட வாழ்க்கையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கத் தோன்றுகிறது.

1994இல் பிறந்தவர் இந்துமதி. கடலூருக்குப் பெண்கள் கால்பந்தில் தனி இடம் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு அங்கே அரசு இல்லத்தில் தங்கியிருந்த பெண் பிள்ளைகள் பலர் பந்தைத் தொட்டார்கள். துக்கத்தை மறக்க ஆரம்பித்த விளையாட்டு, சில வருடங்களில் மாநில அணிக்கு ஆட்களை அனுப்பும் அளவுக்கு வளர்ந்தது. கிரிக்கெட் மட்டையைத் தவிர வேறு எதையும் வாங்கித் தரத் தோன்றாத தேசத்தில் இது சாதாரண விஷயமில்லை.

2017 ஜனவரி 4. சிலிகுரியில் தெற்காசியப் பெண்கள் கால்பந்து இறுதி ஆட்டம். எதிரணி வங்கதேசம். இந்தியா 3-1 என்று வென்றது. மூன்றாவது கோல் இந்துமதியுடையது. 2018இல் தேசிய சாம்பியன்ஷிப்பில் தமிழ்நாடு மணிப்பூரை வீழ்த்திக் கோப்பையை வாங்கியது. பெண்கள் கால்பந்தில் மணிப்பூரைத் தோற்கடிப்பது, ரஞ்சிக் கோப்பையில் மும்பையைத் தோற்கடிப்பது மாதிரி. கிளப் அளவில் மதுரையைச் சேர்ந்த சேது எஃப்.சி.க்கும், பிறகு ஒடிசா எஃப்.சி.க்கும் ஆடினார். 2023-24 பருவத்தில் ஒடிசா இந்தியப் பெண்கள் லீகை வென்றது. அதே பருவத்துக்கான நாட்டின் சிறந்த வீராங்கனை விருதை அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் இந்துமதிக்குக் கொடுத்தது. அப்போது அவருக்கு முப்பது வயது.

விருதுப் பட்டியலோடு நிறுத்தினால் இது இன்னொரு வெற்றிக் கதை. ஆனால் 2020ஆம் ஆண்டுச் செய்தி ஒன்று உண்டு. கொரோனா ஊரடங்கில் மற்ற ஆட்டக்காரர்கள் மொட்டை மாடியில் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தபோது, இந்துமதி சென்னை அண்ணா நகரில் காக்கிச் சட்டையும் முகக் கவசமுமாக ரோந்து போய்க்கொண்டிருந்தார். தமிழ்நாடு காவல் துறையில் அவர் சப் இன்ஸ்பெக்டர். பத்திரிகைகள் இதைப் பெருமையாக எழுதின. பெருமைதான். ஆனால் நாட்டுக்காக ஆடும் ஒருவர் சோற்றுக்கு வேறு வேலை பார்க்க வேண்டியிருந்தது ஏன் என்ற கேள்வி அந்தப் பெருமைக்குள்ளேயே இருந்தது.

பதில் லீகின் கால அட்டவணையில் இருக்கிறது. 2019இல் சேது எஃப்.சி. முதல் முறையாகப் பட்டம் வென்ற இந்தியப் பெண்கள் லீகின் இறுதிக் கட்டம், லூதியானா என்ற ஒரே ஊரில், மே மாதத்தில் மூன்று வாரங்களுக்குள் முடிந்துவிட்டது. 2014இல் தொடங்கிய ஆண்களின் ஐ.எஸ்.எல். அந்தச் சமயம் ஐந்தாறு மாதம் நடந்துகொண்டிருந்தது. மூன்று வாரம் ஆடுகிறவருக்கு எந்த கிளப் வருடச் சம்பளம் தரும்? ஒவ்வொரு அணியும் சொந்த ஊரிலும் எதிரணி ஊரிலும் ஆடும் முறை பெண்கள் லீகில் வந்ததே 2023-24இல்தான். அதற்குள் இந்துமதியின் கால்களுக்குப் பாதி வயதாகிவிட்டது.

இந்த இடத்தில் ஆந்திரத்தின் பழைய கதை ஒன்று ஞாபகத்துக்கு வருகிறது. திருப்பதி-புத்தூர் சாலையில் இருக்கும் வடமாலபேட்டையில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு அது வராமல் இருக்க முடியாது. ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. அதன் பயிற்சியாளர் ரஹீம் சாகிப்தான் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியாவை நான்காவது இடத்துக்கும், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கத்துக்கும் கொண்டுபோனார். அன்றும் ஆட்டக்காரருக்குச் சோறு போட்டது கிளப் அல்ல, போலீஸ் உத்தியோகம்.

ஆக, எழுபது வருடத்துக்குப் பிறகும் இந்தியக் கால்பந்தின் பெரிய புரவலர் அரசாங்கச் சம்பளப் பட்டியல்தான். 2025 ஜூலையில் தாய்லாந்தை 2-1 என்று வென்று 2026 ஆசியக் கோப்பைக்கு இந்தியப் பெண்கள் தகுதி பெற்றார்கள். இரண்டு கோல்களையும் போட்ட சங்கீதா பாஸ்ஃபோரும் மிட்ஃபீல்டர். அவருக்கு வேலை கொடுத்தது எல்லைக் காவல் படையான சசஸ்திர சீமா பல்.

இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிரந்தர வேலை, பென்ஷன், வீட்டில் மரியாதை. பெண்ணை மைதானத்துக்கு அனுப்பத் தயங்கும் அப்பாவிடம் 'ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போலீஸ் வேலை கிடைக்கும்' என்று சொன்னால்தான் கதவு திறக்கிறது. அந்தக் கதவு இல்லாவிட்டால் இந்துமதிகள் பத்தாம் வகுப்போடு பந்தை விட்டிருப்பார்கள். உண்மை. ஆனால் கோட்டா, ஆட்டக்காரியாகப் பெயர் எடுத்தவருக்குத்தான். அதுவரைக்கும் பதினாறு வயதிலிருந்து இருபத்திரண்டு வயதுவரை பூட்ஸுக்கும் முட்டைக்கும் பஸ் காசுக்கும் யார் பொறுப்பு? அந்த ஆறு வருடத்தில்தான் நம் பெண்கள் காணாமல் போகிறார்கள்.

வெளியே என்ன நடக்கிறது என்றும் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் 1921இல் பெண்களுக்குத் தன் மைதானங்களை மூடிய கால்பந்துச் சங்கம் அந்தத் தடையை நீக்க ஏறத்தாழ ஐம்பது வருடம் எடுத்துக்கொண்டது. ஆனால் திறந்தபின் லீகும் சம்பளமும் மெல்ல வந்தன. 2021 முதல் 2025 வரை பெண்களுக்கான பலோன் தோர் விருதை இரண்டே பேர் பகிர்ந்துகொண்டார்கள்: அலெக்ஸியா புடெயாஸ், ஐதானா பொன்மதி. இருவரும் பார்சலோனாவின் மிட்ஃபீல்டர்கள். பந்தி விசாரிப்பவருக்கும் மாலை விழும் காலம் வந்துவிட்டது. அந்த மாலைக்குப் பின்னால் பல மாத லீகும் முழுநேரப் பயிற்சியும் இருக்கின்றன.

2022 ஜனவரியில் ஆசியக் கோப்பை நம் நாட்டிலேயே நடந்தது. அணியில் இந்துமதியும் இருந்தார். ஈரானுடன் கோலில்லாத டிரா. அடுத்த ஆட்டத்துக்குமுன் பலருக்குக் கொரோனா. அணி போட்டியிலிருந்தே விலக நேர்ந்தது. வருடக்கணக்கில் காத்திருந்த மேடை ஒரே ஆட்டத்தில் கலைந்தது. முழுநீள லீக் இருக்கும் நாட்டில் அடுத்த வாரமே வேறு ஆட்டம் இருந்திருக்கும். ஏமாற்றத்தை மைதானத்திலேயே தீர்த்துக்கொள்ளலாம். இங்கே ஸ்டேஷனுக்குத் திரும்ப வேண்டும்.

இந்துமதி இரண்டு சீருடைகளையும் மாற்றி மாற்றி அணிந்து சமாளித்தார். அது அவருடைய திடம். அடுத்து வரும் கடலூர்ப் பெண் அதே திடத்தோடு பிறக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது திட்டமாகாது. மாவட்டத்துக்கு ஒரு லீக், வருடத்தில் ஆறு மாதம் ஆட்டம், கோட்டா வயது வரும்வரை ஒரு உதவித்தொகை. கேட்பது இவ்வளவுதான்.