போன பிறகு அப்பீல்!

பிரிட்டனில் தஞ்சம் கேட்ட 5 இலங்கைத் தமிழரின் மனுக்களை அந்நாட்டு உள்துறை 1987-ல் தள்ளியது. அப்பீல் உண்டா? உண்டு, நாட்டை விட்டு வெளியேறிய பிறகுதான்! தீப்பற்றிய வீட்டிலிருந்து ஓடிவந்தவனை, "உள்ளே போய் மனு எழுதி அனுப்பு" என்றால் எப்படி?

1988 பிப்ரவரியில் ஐவரையும் விமானம் ஏற்றி இலங்கைக்கே அனுப்பினார்கள். அங்கிருந்தபடி அப்பீல் நடந்தது. 1989 மார்ச்சில் தீர்ப்பு வந்தது: தஞ்சம் தந்திருக்க வேண்டும்! அக்டோபரில் லண்டன் திரும்பினார்கள். நல்லவேளை, உயிரோடிருந்தார்கள். இல்லையென்றால் தீர்ப்பை யார் கையில் கொடுப்பது?

1993-ல் சட்டம் திருந்தியது. தஞ்சம் மறுக்கப்பட்டவர்கள் அங்கிருந்தே அப்பீல் செய்ய வழி பிறந்தது. ஆனால், "அறவே ஆதாரமற்றது" என்று உள்துறை முத்திரை குத்தும் மனுக்களுக்கு, 2022-ல் வந்த சட்டப்படி அப்பீலே கிடையாது.

அந்த ஐவரின் அச்சத்துக்கும் ஆதாரமில்லை என்றுதான் 1987-ல் சொன்னார்கள்.