அட்டையில் ஒரு வெசாக் கூடு

வெசாக் பூரணை நெருங்கிவிட்டால் இரத்தினபுரித் தோட்டத்து லயப் பிள்ளைகளின் கைகளும் சும்மா இரா. மூங்கில் கிடையாவிடில் கவலை வேண்டாம், மாணவர்களே. பழைய அட்டைப் பெட்டி போதும்.

5 அங்குலச் சதுரங்கள் 6 வெட்டுங்கள். அரை அங்குல ஓரம் விட்டு நடுப்பகுதியை நீக்கி, வண்ணக் கடதாசி ஒட்டுங்கள். ஒரு சதுரத்தின் மூலையை மற்றொன்றின் மூலையோடு நூலாற் பிணைத்தால் மொத்தம் 12 முடிச்சு. நாம் வெட்டாத 8 முக்கோணங்கள் இடையிலே தாமே தோன்றிவிடும்! ஆர்க்கிமிடீசின் பெயரால் வழங்கும் 13 திண்மங்களுள் இவ்வுருவமும் ஒன்று. உள்ளே மெழுகுவர்த்தி வேண்டாம். சிறு மின்குமிழே நன்று.

சென்ற ஆண்டு என் மாணவன் ஒருவன் ஆறாவது சதுரத்தைக் கண்மதிப்பில் வெட்டிவிட்டான். கூடு கோணிற்று. கடையில் வாங்கித் தருகிறேன் என்றேன், மறுத்துவிட்டான். முடிச்சுகளை அவிழ்த்து, அளந்து வெட்டி, மீண்டும் கட்டினான். அவன் கூடு ஒளிர்ந்தபோது நள்ளிரவு கடந்திருந்தது.