மழை என்று ஒரு பணம்

கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் வைரத் தோட்டைப் பற்றிப் பேச்சு வராமல் இருக்குமா? ஆனால் அந்த வைரம் எந்த ஊர் மண்ணில் பிறந்தது என்று யாரும் விசாரிப்பதில்லை.

ஆப்பிரிக்காவின் தெற்கே போட்ஸ்வானா என்று ஒரு தேசம். பெரும்பகுதி பாலைவனம். 1966-ல் சுதந்திரம் அடைந்தபோது தேசம் முழுவதற்கும் தார் ரோடு 12 கிலோமீட்டர்தான்! மறு வருஷமே ஒராபா என்ற இடத்தில் வைரம் அகப்பட்டது. அது முதல் ஜனாதிபதி ஸெரெட்ஸே காமாவின் சொந்தக் குலத்தார் பூமி. எங்களுக்கே என்று அவர் மடியில் கட்டிக் கொண்டிருக்கலாம். கட்டவில்லை. நிலத்தடிச் செல்வம் தேசத்துக்கே சொந்தம் என்று அதே 1967-ல் சட்டம் வந்தது. வைரம் பள்ளிக்கூடமாயிற்று, ஆஸ்பத்திரியாயிற்று, ரோடாயிற்று. பரம ஏழையாக இருந்த நாடு நிமிர்ந்துவிட்டது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

இன்றும் உலகிலேயே ஏற்றத்தாழ்வு மிகுந்த நாடுகளில் அதுவும் ஒன்று. சுரங்கம் பணத்தைக் கொட்டும். ஆனால் யந்திரம் உழைக்கும் இடத்தில் ஆளுக்கு வேலை கொஞ்சம்தானே? படித்த பிள்ளைகள் வேலையின்றி நிற்கிறார்கள். போதாக்குறைக்கு, ஆலையில் செய்யும் வைரம் வந்து சுரங்க வைரத்தின் விலையையும் இறக்கிவிட்டது.

1976 முதல் அந்த நாட்டுப் பணத்துக்குப் பெயர் 'பூலா'. அவர்கள் பாஷையில் மழை என்று அர்த்தம். நிஜ மழை மச்சு வீடு, குச்சு வீடு என்று பார்ப்பதில்லை. பண மழை அப்படியல்ல. வாய்க்கால் வெட்டித்தான் திருப்ப வேண்டும். பள்ளிக்கூடம் வரை வெட்டிவிட்டார்கள். வேலை வரை வெட்டுவது பாக்கி!