தேய்மானம் யார் கணக்கில்?

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போனால், நர்ஸின் முகத்தைப் பார்த்தது போதும். காலைப் பாருங்கள்.

சில வருடங்களுக்கு முன் விருதுநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில், உறவினர் ஒருவருக்குத் துணையாக மூன்று ராத்திரி தங்கியிருந்தேன். ராத்திரி டூட்டி சிஸ்டர் ஏழு மணிக்கு வந்தால் மறுநாள் காலை ஏழு மணிக்குத்தான் வீட்டுக்குப் போவார். முழுசாக 12 மணி நேரம். டிரிப் மாற்ற வேண்டும், ஊசி போட வேண்டும், பிரஷர் பார்க்க வேண்டும், ‘சிஸ்டர்’ என்று எந்தக் கட்டிலில் குரல் கேட்டாலும் ஓட வேண்டும். அவர் காலில் கிடந்தது ரப்பர் செருப்பு. ஒரு பக்கம் வார் அறுந்து, ஊக்கு குத்தியிருந்தது.

டிஸ்சார்ஜ் அன்று பில் வந்தது. அறை வாடகைக்கு அடுத்த வரியிலேயே, நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று ‘நர்சிங் சார்ஜ்’. அந்தக் காசு அந்த சிஸ்டரின் கால் வரைக்கும் வந்து சேரவில்லை என்பதற்கு அந்த ஊக்கே சாட்சி.

‘நல்ல ஷூவா வாங்கிப் போட வேண்டியதுதானே சார்’ என்பீர்கள். சரி, எது நல்ல ஷூ என்று முதலில் பார்த்துவிடுவோம். முன்பக்கம் மூடியிருக்க வேண்டும். ஊசி தவறி விழுந்தாலும் ரத்தம் சிந்தினாலும் விரலில் படக் கூடாது. மேலே ஓட்டை போட்ட மாடல்கள் பார்க்க ஜோர்தான், வார்டுக்கு ஆகாது. குதிகாலைப் பிடித்து நிறுத்த வேண்டும். ஈரத் தரையில் வழுக்காத ரப்பர் அடிப்பாகம் வேண்டும். துணி ஷூ சிந்தியதை எல்லாம் உறிஞ்சும். துடைத்தால் சுத்தமாகிற மேல்பாகம்தான் சரி. ஹீல்ஸ் கூடாது. விரல்கள் விரிய இடம் வேண்டும். கடைக்குச் சாயங்காலம் போக வேண்டும். நின்று நின்று கால் வீங்கியிருக்கும் நேரத்து அளவுதான் நிஜமான அளவு. இரண்டு ஜோடி வாங்கி மாற்றி மாற்றிப் போட வேண்டும். உள்ளே மெத்தை அமுங்கிவிட்டால், வெளியே பளபளப்பாக இருந்தாலும் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

இல்லாவிட்டால் என்ன ஆகும்? காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் முள் குத்துகிற மாதிரி வலி. அப்புறம் முட்டி. அப்புறம் இடுப்பு. வருடக்கணக்கில் நின்றுகொண்டே இருந்தால் கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொள்ளும். இது ஷூவால் மட்டும் தீராது. நடுநடுவே உட்காரவும் விட வேண்டும்.

இது விருதுநகர் ஜில்லாவில் இன்னும் முக்கியமான விஷயம். சிவகாசிப் பக்கம் ‘மருந்து’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது மாத்திரை அல்ல, பட்டாசு மருந்து. அந்த மருந்து வெடித்தால் இந்த மருந்து வேண்டியிருக்கிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்துச் சுமார் 40 பேர் செத்தார்கள். காயம்பட்டவர்களைச் சிவகாசிக்கும் மதுரைக்கும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தீக்காயத்தைக் கழுவிக் கட்டு மாற்றுவது உட்கார்ந்து செய்கிற வேலையா? ஒரு ஆளுக்கே எவ்வளவோ நேரம் நிற்க வேண்டும், நனைந்த தரையில்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். 2008-ம் வருட வெடிபொருள் விதிகள், மருந்து புழங்கும் அறையில் வேலை செய்கிறவருக்குப் பை வைக்காத உடுப்பும் தகுந்த காலணியும் வேண்டும் என்கின்றன. ஆணி உரசிப் பொறி பறந்துவிடக் கூடாதே! தொழிலாளியின் கால் மீது வந்த கரிசனம் அல்ல, வெடித்துவிடுமோ என்கிற பயம். நர்ஸின் கால் வலித்தால் எதுவும் வெடிக்காது. அதனால்தான் யாரும் கவலைப்படவில்லை.

நான் பி.காம். படித்தவன். எனக்குக் கணக்குதான் புரியும். நல்ல ஷூ ஒரு ஜோடி 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு இரண்டு ஜோடி 4,000. ஒரு நாளைக்கு 11 ரூபாய். ஒரு டீக்காசு. மத்திய அரசு தன் நர்ஸுகளுக்கு உடைப்படியாக 2017-ல் மாதம் 1,800 ரூபாய் நிர்ணயித்தது. ஷூவும் அதற்குள் அடக்கம். அரசாங்கத்தின் கணக்கில் ஷூ ஒரு செலவு என்று இருக்கும்போது, தனியார் முதலாளி கணக்கில் மட்டும் ஏன் இல்லை?

கட்டிலுக்குத் தேய்மானம் எழுதுகிறார்கள். எக்ஸ்ரே மெஷினுக்குத் தேய்மானம் எழுதுகிறார்கள். நர்ஸின் முட்டித் தேய்மானம் மட்டும் அவர் சொந்தக் கணக்கில்!

சம்பளத்திலிருந்து வாங்கிக்கொள்ளட்டும் என்றால், எந்தச் சம்பளம்? உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையில்கூட நர்ஸுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று 2016-லேயே பரிந்துரைத்தது. உங்கள் தெரு மருத்துவமனையில் விசாரித்துப் பாருங்கள். தமிழக அரசு மட்டும் என்ன வாழ்ந்தது? 2015-ல் தேர்வு வைத்து எடுத்தவர்களுக்கு ஒப்பந்தச் சம்பளம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். நர்ஸுகள் நன்றாக உட்கார்ந்தது அன்றைக்குத்தான்!

ஜவுளிக்கடைப் பெண்கள் உட்காரலாம் என்று கேரளம் 2018-ல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021-ல் திருத்தியது. நல்ல காரியம். புடவை விரித்துக் காட்டுகிறவருக்காகப் பேசிய அளவுக்கு, உயிரைப் பிடித்து வைத்திருக்கிறவருக்காக நாம் பேசினோமா? ‘சேவை’, ‘தேவதை’ என்றோம். 2020 மார்ச் 22 அன்று வாசலில் நின்று கை தட்டினோம். கைதட்டலைக் காலில் போட முடியாது.

கேட்பது மூன்றே மூன்று. ஒன்று, வருடத்துக்கு இரண்டு ஜோடி ஷூ மருத்துவமனைச் செலவு. காசைக் கொடுத்துவிட்டு, அளவையும் மாடலையும் நர்ஸிடமே விட்டுவிட வேண்டும். மொத்தமாக மலிவு விலையில் வாங்கித் தலையில் கட்டக் கூடாது. இரண்டு, ஒவ்வொரு வார்டிலும் நர்ஸுக்கு நாற்காலி, உட்கார்ந்தால் திட்டு விழாத நிலைமை. மூன்று, உட்கார நேரம் கிடைக்கிற மாதிரி போதுமான ஆட்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அடுத்த முறை பில் வரும்போது ‘நர்சிங் சார்ஜ்’ என்ற வரியில் விரலை வைத்துக் கேளுங்கள்: “இதுல சிஸ்டர் செருப்புக்கு எவ்வளவு சார்?”

பதில் வராது. ஆனாலும் கேளுங்கள். காசு உங்களுடையது.